அம்மா தெவசத்துக்கு வத்தக்குழம்பு வெக்க உதவின எல்லாருக்கும்

எல்லாருக்கும் வணக்கம். போன வாரம் அம்மாவோட முதல் வருஷத் தெவசம் முடிஞ்சுது. ஊருக்குப் போக முடியல, லீவும் கிடைக்கல டிக்கெட் வெலையும் கட்டுப்படியாகல, அண்ணன் கும்பகோணத்துல முறைப்படி எல்லாம் செஞ்சுட்டான், நான் இங்க மொரீஷியஸ்ல கியூர்பிப்ல எங்க வீட்டு ஹால்ல அம்மா படத்துக்கு முன்னாடி இலை போட்டு அவங்களுக்குப் பிடிச்சத சமைச்சு வெக்கணும்னு ஆசைப்பட்டேன். அது நடந்துச்சு. நான் ஒருத்தியா நடத்தல, அதான் இந்த மடல்.

அம்மாவுக்கு மணத்தக்காளி வத்தக்குழம்புன்னா உசுரு, கூட பருப்புத் துவையல், சேப்பங்கிழங்கு வறுவல், பாயசம். சேப்பங்கிழங்கு பிரச்சனையே இல்ல, இங்க அருய்னு சொல்லி எந்த பஜார்லயும் குவிச்சு வெச்சிருப்பாங்க. ஊர்லேருந்து பெரியம்மா அனுப்பின பார்சல் மட்டும் வந்து சேரவே இல்ல, அதுலதான் வத்தல் இருந்துச்சு, துவரம்பருப்பு இருந்துச்சு, செக்குல ஆட்டின நல்லெண்ணெய் இருந்துச்சு. தெவசத்துக்கு அஞ்சு வாரம்தான் பாக்கி, நான் மாடிப்படியில உக்காந்து அழுதுட்டு இருந்தப்ப பக்கத்து வீட்டு தாந்தின் (இங்க பெரியவங்கள அத்தைங்கற மாதிரி கூப்பிடறது) பாத்துட்டாங்க.

தாந்தின் இங்கயே பொறந்து வளர்ந்த தமிழ்க்காரங்க, எழுவது வயசுக்கு மேல, வீட்ல பேசறது கிரியோல், பிரெஞ்சுலேருந்து வந்த இந்த ஊர் பேச்சு. சாமி பாட்டு எல்லாம் தமிழ்ல தெரியும், வாக்கியமா பேச வராது. ஆனா சமையல்கட்டுக்குள்ள வந்தா எங்க ரெண்டு பேருக்கும் மொழியே தேவைப்படல, ஏன்னா கிரியோல்ல கறிவேப்பிலைக்கு கரிப்புலே, கொத்தமல்லிக்கு கொத்தோமிலி, முருங்கைக்கீரைக்கு பிரெட் மூரும், பீர்க்கங்காய்க்கு பிப்பாங்காய், ரசத்துக்கு ரஸோன்! முதல் தடவ கேட்டப்ப எனக்கு மேல் புல்லரிச்சுது. (புதுசா வர்றவங்களுக்கு ஒண்ணு, இங்க சஃப்ரான்னு கேட்டா மஞ்சள்தான் குடுப்பாங்க, குங்குமப்பூ இல்ல.)

அம்மாவோட சமையல் நோட்டை தாந்தின்கிட்ட காட்டினேன். அவங்க பேரனுக்கு பத்து வயசு, ஸ்கூல்ல தமிழ் படிக்கிறான், அம்மாவோட கோணல் கையெழுத்து மேல விரலை வெச்சு ம-ண-த்-த-க்-கா-ளின்னு ஒவ்வொரு எழுத்தா படிச்சான். என் அம்மா எழுதினத அந்தக் குழந்த வாயால கேட்டப்ப என்னால பேசவே முடியல. கண்ணா, உனக்கு என் முதல் நன்றி. தாந்தினுக்கு அந்தப் பேர் தெரியல, போன்ல படம் காட்டினேன், கண்ணாடிய மாட்டிட்டு ஒரு நிமிஷம் உத்துப் பாத்துட்டு "அய்யோ மொ திஃபி, சா பிரெட் மார்த்தேன் சா!"ன்னு (அய்யோ என் பொண்ணே, இது பிரெட் மார்த்தேன் கீரையாச்சேன்னு) கத்தினாங்க. நான் மூணு வருஷமா பஜார்ல தாண்டித் தாண்டிப் போன கீரை. இங்க கீரையத்தான் சமைக்கிறாங்க, காய யாரும் எடுக்கறதில்ல, கட்டு கட்டறப்பவே கிள்ளிப் போட்டுடுவாங்க.

அடுத்த நாளே பஜாருக்குப் போனோம். கீரை விக்கிற தொந்தோன்கிட்ட (மாமாங்கற மாதிரி) தாந்தின் விஷயத்த சொன்னாங்க, செத்துப்போன அம்மாவுக்காகன்னு சொன்னதும் அவர் தொப்பிய கழட்டிட்டாரு. மூணு வாரம், ஒவ்வொரு சனிக்கிழமையும், அவர் தோட்டத்துல இருந்து பச்சைக்காயா கொத்தோட பறிச்சு பழைய ஐஸ்கிரீம் டப்பாவுல போட்டு வெச்சிருப்பாரு. காசு வாங்கவே மாட்டேன்னுட்டாரு. பழுத்தத தனியா எடுத்துடுவாரு, வத்தலுக்கு பச்சைதான் வேணும்னு ஒரு தடவதான் சொன்னேன். செடிய நல்லா தெரிஞ்சவங்க கையால வாங்கறதுதான் சரி, மணத்தக்காளி மாதிரியே இருக்கற வேற காய் உண்டு, சாப்பிடக் கூடாதது, அதனால நீங்களா வேலியோரத்துல பறிக்காதீங்க.

காய் கிடைச்சுது, வெயிலுக்கு எங்க போறது? ஆகஸ்ட் மாசம் கியூர்பிப்ல இருக்கறவங்களுக்குத் தெரியும், மேட்டு நெலம், குளிரு, காலைல தூறல் மதியம் தூறல், துவைச்ச துணியே ரெண்டு நாள் ஈரமா கிடக்கும். அதுக்கும் தாந்தின்தான் வழி சொன்னாங்க, அவங்க தங்கச்சி மேற்குக் கரையில தமரின்ல இருக்காங்க, அங்க மழை கம்மி, முன்னாடி உப்பளம் நடந்த ஊர். உப்பு காஞ்ச வெயில் வத்தல காய வெக்காதா? நான் காய கீறி உப்பு போட்ட மோர்ல ஊற வெச்சு டப்பாவுல ஊத்திக் குடுத்தேன், அந்த அக்கா தினமும் காலைல மொட்டை மாடியில தட்டுல பரப்பி, சாயந்தரம் திரும்ப அந்த மோர்லயே போட்டு, மோர் வத்தற வரைக்கும் இப்படியே செஞ்சு, அப்புறம் சலசலன்னு சத்தம் வர்ற வரைக்கும் காய வெச்சாங்க. காக்கா இல்லாட்டியும் மைனா வருதுன்னு பழைய கொசுவலைய மேல போட்டு நாலு மூலையிலயும் கல்லு வெச்சு போட்டோ அனுப்பினாங்க. என்னை ஒரு தடவ கூட பாத்ததில்ல அந்த அக்கா. அந்த ஊர் பேருக்கு அர்த்தம் புளியாம், வத்தக்குழம்புக்கு வேற என்ன வேணும்.

எண்ணெய்ல ஒரு தப்பு பண்ணேன். கடையில எள்ளெண்ணெய்னு கேட்டு வாங்கினது சைனீஸ் சமையலுக்கு ஊத்தறது, வறுத்த எள்ளுல எடுத்தது, கறுப்பா இருந்துச்சு. அதுல தாளிச்சு பாத்தப்ப வேற ஏதோ நூடுல்ஸ் வாசனை, கண்ணுல தண்ணி வந்துடுச்சு. பெரியம்மா வீடியோ கால்லயே பாத்துட்டு, சூரியகாந்தி எண்ணெயிலயே குழம்ப வெய்யி, வெள்ளை எள்ள வெறும் வாணலியில லேசா, செவக்கவே விடாம சூடு பண்ணி பொடிச்சு எறக்கறப்ப ஒரு ஸ்பூன் போடுன்னாங்க. நல்லெண்ணெய் ஆயிடாது, ஆனா அந்த மணத்துக்குப் பக்கத்துல வந்துச்சு. காரத்துக்கு ஆபீஸ்ல ரொட்ரிக்ஸ் தீவுக்காரத் தோழி சரியான நேரத்துல தடுத்தாங்க, அம்மா நோட்டுல எட்டு மிளகாய், எங்க ஊர் மிளகா ரெண்டுக்கு மேல போடாதன்னு, ரொம்ப நன்றிம்மா.

துவரம்பருப்புக்கு பதிலா இங்க தோல் பூரிக்கு (உள்ள பருப்பு வெச்சு சுடற ரொட்டி, இங்க தோல்னா பருப்பு) போடற மஞ்சள் பட்டாணிப் பருப்பு. அப்படியே வறுத்து அரைச்சா பச்சை வாசனை போகல. தாந்தின் அத கழுவி அரை மணி நேரம் ஊற வெச்சு துணியில உலத்தி அப்புறம் சின்னத் தீயில பொறுமையா வறுத்தாங்க, கை வலிக்க வலிக்க அவங்களேதான் கிளறினாங்க, கரண்டிய என்கிட்ட குடுக்கல.

அப்பத்தான் எனக்குத் தோணுச்சு, 1834க்கு அப்புறம் கரும்புத் தோட்டத்துக்குன்னு கப்பல்ல வந்து எறங்கினவங்க, அதுக்கும் முன்னாடி 1700கள்லயே பாண்டிச்சேரி பக்கத்துலேருந்து வந்தவங்க, அவங்கள்ல யாரோ ஒரு பொம்பள, போன் இல்ல பார்சல் இல்ல, இந்தப் பருப்ப முதல் தடவ கையில எடுத்து இதே மாதிரி வறுத்துப் பாத்திருப்பா. பேர் தெரியாத அந்த அம்மாவுக்கும் சேத்து நன்றி.

தெவசத்தன்னிக்கு வத்தல எண்ணெயில போட்டதும் பொரிஞ்சு கறுத்து அந்தக் கசப்பு வாசனை வீடு பூரா வந்துச்சு. என் வீட்டுக்காரர் ஒண்ணும் பேசாம ஜன்னல சாத்தினாரு, வாசனை வெளிய போயிடக் கூடாதுன்னு. தாந்தின் பாயசோன் செஞ்சு எடுத்துட்டு வந்தாங்க, இலையில எனக்கு முன்னாடி அவங்கதான் பரிமாறினாங்க.

வத்தல் இன்னும் ரெண்டு ஜாம் பாட்டில் இருக்கு. ஒண்ணு தொந்தோனுக்கு, சனிக்கிழமை பஜாருக்குப் போறப்ப குடுக்கணும், எப்படி பொரிக்கறதுன்னு தாந்தின் கிரியோல்ல ஒரு சீட்டுல எழுதிக் குடுத்திருக்காங்க. இன்னொண்ணு, கியூர்பிப் பக்கத்துல யார் வீட்லயாவது தெவசமோ படையலோ வந்தா கேளுங்க, தர்றேன்.