வெயில் பற்றி மீனாளுக்கு

அன்புள்ள மீனாள்,

பூமி சூடாகிக்கொண்டே போவதைப் பற்றிப் பேசும்போது, "இது பேரழிவுன்னு உங்களுக்குத் தோணவே இல்லையா அப்பச்சி?" என்று கேட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை போனை வைத்துவிட்டாய். நான் ஒன்று சொன்னால் நீ ஒன்பது சொல்வாய், அதனால் எழுதுகிறேன்.

சித்திரை மாதம் காரைக்குடியில் இருப்பவனுக்கு வெப்பத்தைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிட 2024-இல் பூமி சுமார் 1.55 டிகிரி சூடாக இருந்தது என்று உலக வானிலை அமைப்பே சொல்லிவிட்டது. நிலக்கரியும் பெட்ரோலும் எரித்த வினை. அதில் நமக்குள் சண்டை இல்லை. "2030-க்குள்ள சரி பண்ணலைன்னா எல்லாம் முடிஞ்சது" என்றாயே, அங்கேதான் இடிக்கிறது.

ஐ.நா.வின் காலநிலைக் குழு 2018-இல் சொன்னது வேறு. வெப்ப உயர்வை 1.5 டிகிரியில் நிறுத்த வேண்டுமானால், கரியமில வாயு வெளியேற்றம் 2010-இல் இருந்ததைவிட 2030-க்குள் சுமார் 45 சதவீதம் குறைய வேண்டும் என்றார்கள். உலகம் முடிவதற்கு அவர்கள் தேதி குறிக்கவில்லை. கொடுக்கல் வாங்கலில் வளர்ந்த குடும்பம் நாம். தவணை தவறிவிட்டது, இனி எவ்வளவு வாங்கினால் என்ன என்று மேலும் கடன் வாங்குகிறவனை நம் ஐயா கடைப்படி ஏறவிட்டிருப்பாரா? ஒரு வருடம் மட்டும் 1.55 தொட்டது வேறு, பல வருடச் சராசரியே 1.5 தாண்டுவது வேறு. அப்படித் தாண்டினாலும் 1.7-இல் நிற்பதும் 2.5-க்குப் போவதும் ஒன்றல்ல. முடிந்தது என்று சொல்லிப் பார், நம் ஊர்க்காரன் "அப்போ விடு" என்று ஏசியை 18-இல் வைத்துவிட்டுப் படுத்துவிடுவான்.

இன்னொன்று. போன மாதம் உன் மகன் என்னிடம், "ஐயா, நான் பெரியவனாகும்போது பூமி இருக்குமா?" என்று கேட்டான். எட்டு வயதுப் பிள்ளை கேட்கிற கேள்வியா அது?

பேரழிவு என்றே சொல்லாதே என்று நான் சொல்லவில்லை. 1999-இல் ஒடிசாவில் வீசிய புயலில் சுமார் 10,000 பேர் இறந்தார்கள், அதற்கு வேறு பெயர் கிடையாது. ஆனால் 2013-இல் பைலின் புயல் அதே கரைக்கு வந்தபோது, பல லட்சம் பேரை முன்கூட்டியே அப்புறப்படுத்தியதால் சாவு ஐம்பதுக்குள் நின்றது. எச்சரிக்கையும் புயல் பாதுகாப்புக் கட்டடமும் அத்தனை உயிரைக் காத்தன. வரப்போவதையெல்லாம் இப்போதே பேரழிவு என்று எழுதி வைத்துவிட்டால் இந்த வேலைக்கெல்லாம் மதிப்பே இல்லாமல் போகிறது.

நம் அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்ததைக் கவனித்தாயா? வெப்பத்தால் ஒருவர் இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். அதுவரை வெயிலில் செத்தவனுக்குக் கணக்கே இல்லை; விழுந்தான், போய்விட்டான், அவ்வளவுதான். நூறு நாள் வேலையில் கண்மாய்க் கரையில் மண் வெட்டும் பெண்களுக்கு உன் மாநாட்டுப் பேச்சைவிட இந்த அறிவிப்பு பெரியது. இப்படிச் சொல்வது உனக்குக் கோபம் தரும், தரட்டும். பேரிடர் என்று சொன்னால் யாருக்கு, எங்கே, யார் பணம் தர வேண்டும் என்பதும் கூடவே வர வேண்டும். அப்படிப் பேசினால் நானும் உன் பக்கம்தான்.

காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டதால் நகரத்தார் நாம் இந்த வறண்ட மண்ணுக்கு வந்தோம், அதனால்தான் வீட்டை இத்தனை உயரத்தில் கட்டினோம் என்று அப்பத்தா உனக்குச் சொல்லியிருக்கிறாள். வந்தவர்கள் ஊருக்கு ஊர் ஊரணி வெட்டினார்கள், ஓட்டுச் சரிவை முற்றத்துப் பக்கம் இறக்கி மழைநீரை அண்டாவில் பிடித்தார்கள். இப்போது அந்த வீடுகளை இடித்துவிட்டுக் கண்ணாடி வைத்துக் கட்டுகிறோம். அதைப் பற்றிப் பேசினால் இன்னும் நாலு பக்கம் ஆகும்.

நம் ஊரணிக்கு வரத்துக்கால் அடைத்துக் கிடக்கிறது. ஆடி பிறப்பதற்குள் தூர்வார வேண்டும் என்று ஊரில் பேசியிருக்கிறோம். உன் பங்காக எவ்வளவு எழுதட்டும் என்று சொல். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். பேரனை ஞாயிறன்று என்னிடம் பேசச் சொல், பூமி இருக்கும் என்று நான் சொல்லிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பச்சி
காரைக்குடி