ரோபோ வந்து நின்ற பிறகு செயலி என்ன செய்கிறது?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நகரங்களில் நடைபாதை வழியே உணவு கொண்டு வரும் ரோபோக்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான செய்தியைப் படித்தேன். அவற்றை வரவழைக்கும் கைப்பேசிச் செயலிகளும் புதிதாக வடிவமைக்கப்பட்டு வருகின்றன என்று அதில் ஒரு வரி போகிற போக்கில் வந்திருந்தது. பதினைந்து ஆண்டுகளாகச் செயலிகளுக்குத் திரை வடிவமைப்பதையே தொழிலாகக் கொண்டவள் நான். அத்தகைய ஒரு செயலியிடம் என் தந்தை பட்ட பாட்டை அருகில் நின்று பார்த்தவளும்கூட. ஆகவே அந்த ஒரு வரியைப் பற்றி மட்டும் எழுத விரும்புகிறேன்.

இவ்வகை ரோபோக்கள் ஓடும் நகரமொன்றில் என் தங்கை வசிக்கிறாள். சென்ற ஆண்டு தந்தையுடன் அவள் வீட்டில் சில வாரங்கள் தங்கியிருந்தேன். தந்தைக்கு 78 வயது. கைத்தடி ஊன்றி நடப்பவர், விரல்களில் இலேசான நடுக்கம் உண்டு. ஒரு நண்பகலில் உணவு வந்துவிட்டதாக அறிவிப்பு வந்ததும், தாமே போய் எடுத்து வருவதாகச் சொல்லிக் கைப்பேசியுடன் வெளியே நடந்தார். நான் பின்னால் போனேன். வரைபடத்தில் குறி வீட்டு வாசலைக் காட்டியது. ரோபோவோ இருபது அடிக்கு அப்பால் ஒரு மரத்தின் மறுபுறம் நின்றுகொண்டிருந்தது. அதைத் தேடிப் பிடித்து அருகில் போனபோது திரையின் அடியில் 'தள்ளித் திறக்கவும்' என்று ஒரு பட்டை இருந்தது. வெள்ளைப் பின்னணியில் வெளிர்சாம்பல் எழுத்துகள். உச்சி வெயிலில் அங்கே எழுத்து இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. வலக்கையில் தடி, இடக்கையில் கைப்பேசி. இடக்கைக் கட்டைவிரலால் பட்டையைத் தள்ளினார். பாதி தூரம் போய் விரல் நழுவியது, பட்டை பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது. மூன்று முறை இப்படியே ஆயிற்று. நான் கை நீட்டியபோது வேண்டாம் என்று மறுத்துவிட்டு, தடியை ரோபோவின் மீது சாய்த்து வைத்து இரு கைகளாலும் முயன்றார். அந்த நேரம் பார்த்து அடுத்த ஆர்டருக்கான சலுகை அறிவிப்பு ஒன்று மேலெழுந்து பட்டையை மறைத்தது. அதை எப்படி விலக்குவது என்று அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேல் மூலையில் ஓடிக்கொண்டிருந்த நொடிக் கணக்கு முடிந்துவிட்டது. ரோபோ பின்வாங்கிற்று, சாய்த்து வைத்த தடி தரையில் விழுந்தது. 'ஆர்டர் பெற்றுக்கொள்ளப்படவில்லை' என்றது திரை. தந்தை ஒன்றும் சொல்லாமல் உள்ளே வந்து அமர்ந்தார். அதன்பின் அந்தச் செயலியை அவர் தொடவே இல்லை.

ரோபோ சரியாகத்தான் வந்தது. யார் மீதும் மோதவில்லை, வழி தவறவில்லை, உணவைக் கொட்டவில்லை. தவறியது செயலி, அதுவும், எங்கள் தொழிலில் இருப்பவர்கள் மிகக் குறைவாகக் கவனம் செலுத்தும் இடத்தில் தவறியது. ஓர் உணவுச் செயலியைப் புதுப்பிக்க வேண்டும் என்றால் பேச்சு முதலில் முகப்புப் பக்கத்துக்குப் போகும். படங்களைப் பெரிதாக்குவது, தேடலை எளிதாக்குவது, ஐந்து தொடுதலில் முடியும் ஆர்டரை மூன்றாகக் குறைப்பது என்று மாதக்கணக்கில் வேலை நடக்கும். மனிதர் உணவு கொண்டுவரும்வரை அது போதுமானதாக இருந்தது. ஏனென்றால் கடைசி ஐம்பது அடியில் நேரும் குழப்பம் அனைத்தையும் அந்த மனிதர் தீர்த்துவைத்தார். வழி தெரியாவிட்டால் தொலைபேசியில் கேட்பார். வாசலில் நின்று கையசைப்பார். வருபவர் முதியவர் என்று கண்டால் நான்கடி முன்னால் வந்து கொடுப்பார். இதில் எதையும் எந்தத் திரையும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. அந்த மனிதரை எடுத்துவிட்டு அவரிடத்தில் சக்கரம் பூட்டிய ஒரு பெட்டியை வைக்கும்போது, அவர் வாய்ச்சொல்லாலும் கண்பார்வையாலும் செய்துவந்த வேலை முழுவதும் செயலியின் தலையில் வந்து விழுகிறது. புதிய வடிவமைப்பு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பதே என் கருத்து.

இந்தச் செயலிகளின் பழக்கவழக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். ஸ்கைப் மென்பொருளை உருவாக்கியவர்களில் இருவரான அஹ்தி ஹெய்ன்லாவும் ஜானுஸ் ஃபிரீஸும் 2014-இல் தொடங்கிய ஸ்டார்ஷிப் டெக்னாலஜீஸ் இத்துறையின் முன்னோடிகளுள் ஒன்று. ஆறு சக்கரங்களுடன், மணிக்கு ஏறத்தாழ 6 கிலோமீட்டர், அதாவது சற்று விரைவாக நடப்பவரின் வேகத்தில் செல்லும் அதன் ரோபோக்கள் 2018-இல் இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸ் நகரிலும், 2019 தொடக்கத்தில் அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழக வளாகத்திலும் சேவையைத் தொடங்கின. மில்டன் கீன்ஸ், நடப்பவர்களுக்கும் மிதிவண்டிகளுக்கும் சாலையை விட்டு விலகிய தனிப்பாதைகளை நகரெங்கும் கொண்ட ஊர். பல்கலைக்கழக வளாகத்திலோ பெறுபவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள். கண்ணும் விரலும் நன்றாக இயங்குபவர்கள், கைப்பேசியோடே வளர்ந்தவர்கள். அகலமான பாதைக்கும் இளம் விரல்களுக்கும் ஏற்ற பழக்கங்களோடு இத்துறை வளர்ந்தது என்பது என் கணிப்பு. நெருக்கமான நகரத் தெருவுக்கு வரும்போது பாதையும் மாறுகிறது, கதவைத் திறந்துகொண்டு வெளியே வரும் ஆளும் மாறுகிறார்.

முதலில் சந்திக்கும் இடத்தைப் பற்றிச் சொல்கிறேன். திறந்த வெளியில்கூடக் கைப்பேசியின் ஜிபிஎஸ் கணக்கில் ஏறத்தாழ 5 மீட்டர் பிழை இருப்பது இயல்பு. உயர்ந்த கட்டடங்களுக்கிடையே சிக்னல் சுவர்களில் பட்டுத் திரும்புவதால் அந்தப் பிழை இன்னும் கூடும். ரோபோவோ தன் கேமராக்களையும் உணரிகளையும் கொண்டு, தான் நிற்கும் இடத்தைக் கைப்பேசியைவிட நன்றாகவே அறிந்திருக்கிறது. ஆனால் அந்த அறிவு பெறுபவருக்கு வந்து சேர்வதில்லை. அவருக்குக் கிடைப்பது வரைபடத்தில் ஒரு புள்ளி மட்டுமே. படியேற முடியாத ஒரு வண்டி எங்கே நிற்கும் என்பது பணம் செலுத்துவதற்கு முன்பே தெரிய வேண்டிய செய்தி. 'உங்கள் வாசலிலிருந்து இடப்பக்கம் இருபதடி, மரத்தைத் தாண்டி' என்று ஒரே ஒரு வாக்கியமும், அந்த இடத்தின் ஒரு புகைப்படமும் திரையில் இருந்திருந்தால் என் தந்தை தேடியிருக்க வேண்டியதில்லை. வாக்கியமாக எழுதுவதில் இன்னொரு நன்மை உண்டு. பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் வாய்ஸ்ஓவர், டாக்பேக் போன்ற திரைவாசிப்பான்கள் வாக்கியத்தைப் படித்துச் சொல்லிவிடும். வரைபடத்தில் நகரும் புள்ளியை அவற்றால் பொருள்படச் சொல்ல இயலாது. அதோடு, பெறுபவர் கேட்டால் ரோபோ விளக்கை மினுக்கவோ ஒலியெழுப்பவோ செய்யும் பொத்தான் ஒன்று திரையில் இருக்க வேண்டும். ஒரே மாதிரியான இரண்டு பெட்டிகள் அருகருகே வந்து நிற்கும் தெருவில் எது நம்முடையது என்று தெரிய வேறு நல்ல வழி இல்லை.

வழியில் ஏற்படும் தாமதத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 'இன்னும் 4 நிமிடம்' என்பது பத்து நிமிடமாக நீளும்போது மக்களை வருத்துவது தாமதத்தைவிட, காரணம் தெரியாமைதான். சாலையைக் கடக்கக் காத்திருக்கிறது, பாதை மறிக்கப்பட்டுள்ளது, தொலைவிலிருந்து ஒரு பணியாளர் அதற்கு வழிகாட்டிக்கொண்டிருக்கிறார் என்று உள்ளதை உள்ளபடி எழுதினால் போதும்.

மூடியைத் திறக்கும் விஷயத்துக்கு வருகிறேன். இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தள்ளித் திறக்கும் பட்டையை வைத்ததற்கு ஒரு நியாயம் உண்டு என்பதை நான் அறிவேன். கைப்பேசி சட்டைப்பையில் இருக்கும்போது தவறுதலாக விரல் பட்டு, நடுத்தெருவில் மூடி திறந்துவிடக் கூடாது. ஆனால் அந்த அச்சத்தைப் போக்க பட்டையை விரலால் இழுப்பது மட்டுமே வழி என்பதில்லை. கைப்பேசி ரோபோவின் அருகில் இருக்கிறதா என்பதைப் புளூடூத் வழியே அறிந்துகொண்டு, அருகில் வந்த பிறகு மட்டும் பெரிய பொத்தானாகக் காட்டினால் அதே பாதுகாப்பு கிடைக்கும். இணையத்துக்கான தரங்களை வகுக்கும் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு, மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி வடிவமைப்பதற்காக 2023 அக்டோபரில் வெளியிட்ட அணுகல் வழிகாட்டுதல்களின் 2.2 பதிப்பு இதைத் தெளிவாகவே கூறுகிறது: விரலால் இழுத்துச் செய்ய வேண்டிய செயலுக்கு, இழுவை தவிர்க்க முடியாததாக இருந்தாலொழிய, இழுக்காமல் செய்யும் மாற்று வழி ஒன்று இருக்க வேண்டும். வழக்கமான அளவுள்ள எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 என்ற அளவில் ஒளி வேறுபாடு வேண்டும் என்பது 2008-இல் வந்த பதிப்பிலிருந்தே இருந்துவரும் விதி. அவை வலைப்பக்கங்களுக்காக எழுதப்பட்டவை என்றாலும், கைப்பேசிச் செயலி வடிவமைப்பவர்களும் அவற்றையே அளவுகோலாகக் கொள்கிறார்கள். தொடுமிடத்தின் அளவைப் பொறுத்தவரை, ஆப்பிள் 44 புள்ளிகள் (திரையில் அளக்கும் ஓர் அலகு) என்றும் ஆண்ட்ராய்டு அதையொத்த தன் அலகில் 48 என்றும் தத்தம் வழிகாட்டிகளில் எழுதி வைத்திருக்கின்றன. உட்கார்ந்த இடத்தில் நிதானமாகத் தொடும் விரலுக்கே அந்த அளவு என்றால், ஒரு கையில் தடியோ குழந்தையோ பையோ இருக்க, வெயிலிலோ மழையிலோ நிற்பவருக்குத் திரையின் கீழ்ப்பாதி முழுவதையும் பொத்தானாக்கினாலும் மிகையாகாது. அந்த நேரத்தில் திரையில் வேறு எதுவும் எழக் கூடாது. சலுகை அறிவிப்பை மூடி திறக்கும் வேளையில் காட்டியவர் யாராயினும், அவர் ஒருமுறைகூடத் தெருவில் நின்று அதைப் பயன்படுத்திப் பார்த்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

நொடிக் கணக்கையும் அதே வழிகாட்டுதல்களின் வெளிச்சத்தில் பார்க்கலாம். நேர வரம்பு வைத்தால், அது முடிவதற்கு முன் எச்சரித்து, ஒரு எளிய தொடுதலால் நீட்டிக்கொள்ள குறைந்தது 20 நொடி அவகாசம் தரவேண்டும் என்பது அவற்றில் சொல்லப்பட்ட வழிகளுள் ஒன்று. அடுத்த ஆர்டருக்கு ரோபோ போயாக வேண்டும், நடைபாதையை அடைத்துக்கொண்டு வெகுநேரம் நிற்கவும் கூடாது. ஆகவே வரம்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 'வந்துகொண்டிருக்கிறேன்' என்று ஒரு பொத்தானும், 'உதவி வேண்டும்' என்று அழுத்தினால் உடனே பேசக்கூடிய ஒரு மனிதக் குரலும் இருந்தால் போதும். சிக்கல் வந்தால் ரோபோவுக்கு வழிகாட்டத் தொலைவில் ஓர் ஆளை அமர்த்தியிருக்கும் நிறுவனம், பெறுபவருக்கு ஓர் ஆளைத் தருவது பெரிய காரியமல்ல.

இன்னொருவரும் இருக்கிறார்: ஆர்டர் எதுவும் செய்யாமல் அந்த நடைபாதையில் நடந்து போகிறவர். அவருடைய கைப்பேசியில் இந்தச் செயலி இல்லை. 2019 அக்டோபரில் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகப் பகுதியில், சக்கர நாற்காலியில் சாலையைக் கடந்துகொண்டிருந்த மாணவி ஒருவர், நடைபாதைச் சரிவில் ஒரு ரோபோ நின்றுகொண்டிருந்ததால் மேலேற முடியாமல் சாலையிலேயே சிக்கிக்கொண்டார். அதைத் தொடர்ந்து சோதனை ஓட்டத்தைப் பல்கலைக்கழகம் நிறுத்தி வைத்தது. சான் பிரான்சிஸ்கோ 2017 டிசம்பரில் ஒரு நிறுவனத்துக்கு மூன்று ரோபோக்கள், நகர் முழுவதற்கும் ஒன்பது என்று வரம்பு கட்டியது. டொராண்டோ 2021 டிசம்பரில் அவற்றை நடைபாதைகளிலிருந்தே விலக்கியது. நகரங்கள் இவ்வாறு கடுமை காட்டுவதில் எனக்கு வியப்பில்லை; 'கொஞ்சம் நகர்ந்து நில்' என்று சொல்ல ஒரு வழி இல்லாதபோது தடை ஒன்றே வழியாகத் தெரிகிறது. ரோபோவின் நான்கு பக்கமும் பெரிய எழுத்தில் அதை அடையாளம் காட்டும் ஓர் எண், செயலி இல்லாமலேயே அழைக்கக்கூடிய ஒரு தொலைபேசி எண், தொட்டுணரக்கூடிய ஒரு பொத்தான் ஆகியவை இருக்க வேண்டும். பெறுபவரின் செயலியிலும், உணவு எப்படி இருந்தது என்று கேட்பதோடு, ரோபோ யாருடைய வழியையாவது மறித்து நின்றதா என்றும் ஒரு கேள்வி கேட்கலாம். எந்தத் தெருவில் எந்தச் சரிவை விட்டு விலகி நிற்க வேண்டும் என்பது அந்தப் பதில்களிலிருந்தே தெரிந்துவிடும்.

இவற்றைச் சோதித்துப் பார்க்கும் இடம் அலுவலக மேசையாக இருக்கக் கூடாது. நண்பகலில், தெருவில், கைத்தடி ஊன்றுபவர்களையும் சக்கர நாற்காலியில் வருபவர்களையும் பார்வையற்றவர்களையும் அழைத்து, அவர்களுக்குரிய ஊதியத்தைக் கொடுத்துச் சோதிக்க வேண்டும். முகப்புப் பக்கத்துக்குச் செலவிடும் நேரத்தில் பாதியை இதற்கு ஒதுக்கினாலே போதும்.

ஊருக்குத் திரும்பும் நாளில் என் தந்தை, "அது என்னிடம்தான் வந்திருக்கிறது என்று அதற்குத் தெரியும், நான் வந்துவிட்டேன் என்பதும் தெரியும், பிறகு எதற்கு நான் போனை எடுத்துக் காட்ட வேண்டும்?" என்று கேட்டார். பதினைந்து ஆண்டு அனுபவமுள்ள எனக்கு அந்தக் கேள்வி தோன்றியிருக்கவில்லை. சாவி பையில் இருக்க, கைப்பிடியைத் தொட்டாலே திறக்கும் கார்கள் பல ஆண்டுகளாகச் சாலையில் ஓடுகின்றன. பையில் இருக்கும் கைப்பேசியை அதேபோல அடையாளம் கண்டு, மூடியின் மேலுள்ள ஒரு பொத்தானை உள்ளங்கையால் அழுத்தினால் திறக்கும் வகையில் செய்ய முடியுமா என்று இப்போது நான் வரைந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். இத்துறையில் பணிபுரியும் தங்கள் வாசகர்கள் எவரேனும் இதை ஏற்கெனவே முயன்றிருந்தால், அவர்கள் கண்டதைத் தங்கள் பக்கங்களிலேயே எழுத வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி