புது வரவு அலமாரியின் பூட்டைத் திறந்து வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலூரை அடுத்த ஒரு கல்லூரி நூலகத்தில் புது நூல்களைக் காட்சிக்கு வைத்திருப்பதாகவும், மாதம் ஒரு நூல் விவாதக் கூட்டம் தொடங்கியிருப்பதாகவும் சென்ற வாரம் உங்கள் மாவட்டப் பக்கத்தில் படித்தேன். மனசு நிறைந்துவிட்டது. இதே மாவட்டத்தில் வேறொரு கல்லூரி நூலகத்தில் 28 ஆண்டுகள் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். நூலகத்துக்குள் கூட்டம் கூடுவது என்றாலே எனக்குத் தனி சந்தோஷம்.

ஆனால் செய்தியோடு வந்த படத்தை மறுபடி மறுபடி பார்த்தேன். புத்தகங்கள் கண்ணாடி அலமாரிக்குள் இருந்தன. அலமாரியில் பூட்டு தொங்கியது. அந்தப் பூட்டுதான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது.

புத்தகக் கட்டு வந்து இறங்கியதும் என்ன நடக்கும் என்பது வெளியே பலருக்குத் தெரியாது. பில்லோடு சரிபார்க்க வேண்டும். பதிவேட்டில் ஒவ்வொன்றையும் ஏற்றி எண் கொடுக்க வேண்டும். முத்திரை குத்தி, பொருள் பார்த்து வகை எண் போட்டு, முதுகில் லேபிளும் உள்ளே தேதிச் சீட்டும் ஒட்ட வேண்டும். பொருள்வாரியாக நூல்களுக்கு எண் கொடுக்கும் டூயி முறையில் தமிழ் இலக்கியம் என்றால் 894.811. கண்ணை மூடிக்கொண்டு எழுதுவேன். இருநூறு புத்தகம் வந்தால், ஆள் குறைவான நூலகத்தில் இதற்கே ஒரு மாதம் ஓடிவிடும். அப்புறம் 'புது வரவு' என்று அலமாரியில் இன்னொரு மாதம். அதுவரை இரவல் கிடையாது. நான் வேலை பார்த்த இடத்தில் இதுதான் விதி. நானும் அதைக் கறாராகக் கடைப்பிடித்தேன். அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் உண்டு.

பேரணாம்பட்டுப் பக்கத்திலிருந்து ஒரு மாணவி வருவாள். பி.ஏ. இரண்டாம் ஆண்டு. தோல் கம்பெனித் தொழிலாளர்களைப் பற்றிய ஒரு நாவல் புது வரவில் இருந்தது. எங்கள் கல்லூரியின் அடுத்த நூல் விவாதக் கூட்டத்துக்கு அந்த நாவலைத்தான் எடுத்திருந்தார்கள். "ஒரே ஒரு நாள் குடுங்கக்கா, காலையில கொண்டாந்து வெச்சிடறேன்" என்று கேட்டாள். முடியாது என்று சொல்லிவிட்டேன். நாலு நாள் மதிய இடைவேளையில் சாப்பாட்டை அவசரமாக முடித்துவிட்டு வந்து, என் மேசை ஓரத்தில் உட்கார்ந்து அறுபது பக்கம் போல படித்தாள்.

கூட்டம் மூன்று மணிக்கு. வரவேற்புரை, சால்வை, அறிமுகம் எல்லாம் முடியவே அரை மணி. விருந்தினர் கதை முழுவதையும் சொல்லி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. யாரும் படித்திருக்கவில்லையே, அவரும் வேறு என்ன செய்வார்? கடைசியில் "யாராவது ஏதாவது சொல்றீங்களா?" என்று கேட்டார். இவள் எழுந்தாள். "கம்பெனி நாத்தம்னு எழுதியிருக்காங்க சார். அது நாத்தம்னு எங்களுக்குத் தெரியாது. எங்கப்பா ஷிப்ட் முடிஞ்சு வீட்டுக்கு வந்துட்டார்னு அர்த்தம், அவ்வளவுதான்" என்றாள். கூடம் அமைதியாகிவிட்டது. பின்னாலிருந்து ஆம்பூர்ப் பையன் ஒருவன், தன் அம்மா ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருப்பதைச் சொல்ல எழுந்தான். இன்னும் இரண்டு கை உயர்ந்தது. "அப்புறம் அந்த அப்பா பாத்திரம் என்ன ஆகிறார் என்று பார்த்தாயா?" என்று விருந்தினர் அவளைக் கேட்டார். "மீதி படிக்கல சார். புஸ்தகம் அலமாரியில இருக்கு."

அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. நடந்ததைத்தான் சொன்னாள். பிறகு மணியைப் பார்த்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு ஓடினாள். ஐந்து மணி பஸ்ஸை விட்டால் குடியாத்தத்தில் இறங்கி இருட்டில் நிற்க வேண்டும். மற்ற வெளியூர்ப் பிள்ளைகளும் அவள் பின்னாலேயே கிளம்பிவிட்டார்கள். உண்மையான விவாதம் தொடங்கிய பத்தாவது நிமிடத்தில் கூட்டம் முடிந்தது.

அதனால்தான் கேட்கிறேன். ஒருவர் படித்துவிட்டு வந்து மற்றவர்களுக்குச் சொன்னால் அது நூல் அறிமுகம். அதுவும் தேவைதான். விவாதம் என்று பெயர் வைத்தால், வருகிறவர்களில் பத்துப் பேராவது அந்தப் புத்தகத்தைப் படித்திருக்க வேண்டாமா? விவாதத்துக்கு எடுக்கும் நூலில் ஐந்து பிரதி வாங்குங்கள். முந்நூறு ரூபாய் விலை என்றாலும் 1,500 ரூபாய்தான். நூலகத்துக்கு என்றால் பத்து சதவீதமாவது குறைத்துக்கொள்வார்கள். சால்வைக்கும் நினைவுப் பரிசுக்கும் ஆகும் பணத்தை இதற்குத் திருப்பலாம். கட்டு வந்ததும் அந்த ஐந்தை மட்டும் முதலில் பதிந்து, மூன்று மூன்று நாள் இரவலுக்கு விடுங்கள். ஒரு மாதத்தில் ஐம்பது பேர் கைக்குப் போகும். ஒன்றிரண்டு கிழியலாம், ஒன்று திரும்பாமலும் போகலாம். போகட்டும்.

நேரத்தையும் பஸ்ஸைப் பார்த்து வையுங்கள். ஒடுகத்தூர், பொன்னை, கே.வி.குப்பம் என்று தூரத்திலிருந்து வரும் பிள்ளைகளுக்கு மூன்று மணிக் கூட்டம் சரிப்படாது. மதிய இடைவேளையை ஒட்டி ஒரு மணி நேரம் கொடுத்தால் போதும்.

இதெல்லாம் நானாகக் கண்டுபிடித்தது இல்லை. சீர்காழிக்காரரான நூலக அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-லேயே நூலகத்துக்கு ஐந்து விதிகளை எழுதி வைத்தார். அதில் முதல் விதியே நூல்கள் பயன்பாட்டுக்கு என்பதுதான். அதே ஆண்டில் மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். படிக்கிறவர் இருக்கும் இடத்துக்குப் புத்தகம் போயிருக்கிறது, பாருங்கள்.

இன்னொன்று. வாங்கும் பட்டியலில் நம் வட ஆர்க்காட்டுக்கு ஒரு பங்கு ஒதுக்குங்கள். வாலாஜாவை அடுத்த வேலத்தில் வளர்ந்து, திருப்பத்தூர் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்துகொண்டே தமிழ் படித்தவர் மு.வ. அவர் நூல்கள் பல கல்லூரிகளில் அட்டை பிய்ந்து, பசை காய்ந்து கிடக்கின்றன. புதுப் பதிப்பு வாங்கினால் எடுத்துப் போக ஆள் இருக்கிறது. 1806 வேலூர்ப் புரட்சி, தோல் தொழில், குடியாத்தம் லுங்கி நெசவு, பீடித் தொழில் பற்றியெல்லாம் வந்திருக்கும் நூல்களை ஒரே தட்டில் சேர்த்து வைத்தாலே, அந்தத் தட்டின் முன்னால் பிள்ளைகள் நிற்பார்கள். தங்கள் வீட்டைப் பற்றிய புத்தகத்தைத்தான் அந்த மாணவி முதலில் எடுத்தாள்.

அந்தக் கல்லூரி நிர்வாகம் இதைப் படித்தால் ஒரு விண்ணப்பம். ஆள் பற்றாக்குறையால்தான் பதிவு தாமதம் என்றால், வாரத்தில் இரண்டு நாள் நான் வந்து வகை எண் போட்டு லேபிள் ஒட்டித் தருகிறேன். சம்பளம் வேண்டாம். என் முகவரி உங்கள் அலுவலகத்தில் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நூலக உதவியாளர்,
காட்பாடி.