மணி அடிக்கிறது, குரல் கேட்கவில்லையே!

ஆசிரியருக்கு, வணக்கம்.

பொழுதுபோக்குக் குழுக்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளச் சொந்தமாக இணையத் தொலைபேசி வலை அமைக்கலாம். சர்வராக ஒரு ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினி, அதில் அழைப்புகளை இணைத்துவிடும் ஆஸ்டரிஸ்க் மென்பொருள், ஆளுக்கொரு நான்கு இலக்க எண். சிறிய குழுவுக்கு இதுவே தாராளம். ஜி.711 என்ற குரல் குறியாக்க முறையில் ஓர் அழைப்புக்கு ஒவ்வொரு திசையிலும் நொடிக்குச் சுமார் 87 கிலோபிட் செலவாகும்.

தொல்லை பெரும்பாலும் ரவுட்டரில்தான். மணி அடிக்கும், எடுத்தால் ஒரு பக்கக் குரல் மட்டுமே கேட்கும். காரணம், அழைப்பை இணைக்கும் சிப் (SIP) செய்தி 5060 என்ற போர்ட்டில், அதாவது எண்ணிட்ட இணைய வாசலில், போகிறது. குரலோ யுடிபி (UDP) என்ற அனுப்பும் முறையின் வேறு போர்ட்களில், வழக்கமாக 10000 முதல் 20000 வரை, போகிறது. சர்வர் பக்கத்து ரவுட்டரில் அவற்றையும் திறந்துவிடுங்கள். சர்வரின் வெளி ஐபி முகவரியை ஆஸ்டரிஸ்கின் அமைப்புக் கோப்பில் எழுதுங்கள். ரவுட்டரில் சிப் செய்திகளைத் திருத்தும் 'சிப் ஏஎல்ஜி' வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். உதவ வந்த அந்த வசதியே முகவரிகளைத் தப்பாகத் திருத்திக் காரியத்தைக் கெடுக்கிறது. இரண்டு சர்வர்களை இணைக்க ஐஏஎக்ஸ்2 (IAX2) என்ற ஆஸ்டரிஸ்க் இணைப்பு முறை நல்லது. அதற்கு 4569 என்ற ஒரே போர்ட் போதும்.

உறுப்பினர் எண்ணையே கடவுச்சொல்லாக வைக்கவே கூடாது. அதைத் துழாவும் நிரல்கள் இணையமெங்கும் சுற்றுகின்றன. தப்பான கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்ப முயல்பவரைத் தடுக்கும் ஃபெயில்2பேன் மென்பொருள் கட்டாயம் வேண்டும். வெளித் தொலைபேசி இணைப்பைச் சேர்த்தால் திருட்டு அழைப்புகளின் கட்டணம் தன்னார்வலர் தலையில் விழும். அந்த இணைப்பைத் தவிர்ப்பதே எங்கள் பரிந்துரை. அப்படித் தவிர்த்தால் அவசர உதவி எண்களை இதில் அழைக்க முடியாது என்பதை ஒவ்வொரு உறுப்பினருக்கும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
இணையத் தொலைபேசி ஆர்வலர்கள்