கடனை ஒரு வருசம் தள்ளிப் போடு

பாரிஸ்
18.11.2023

அன்பின் மச்சான்,

நலம், நலமறிய ஆவல். கனகாலம் எழுதாமல் விட்டதுக்கு நீ ஏசலாம், ஆனா அதை ஃபோனில வைச்சுக்கொள். இப்ப அலுவலுக்கு வாறன்.

உன்ர மருமோனை அகதியா ஏற்றுக்கொண்ட கடிதம் போன மாதம் ஒஃப்ப்ரா எண்ட அகதிக் கந்தோரில இருந்து வந்ததும், அக்கா கோயிலில பொங்கினதும் உனக்குத் தெரியும். எனக்கும் பெரிய சந்தோசம். ஆனா அந்தக் கிழமையே கடனைப் பற்றி நீ அவனுக்கு அனுப்பின வொய்ஸ் மெசேஜை அவன் எனக்குப் போட்டுக் காட்டினான். "இனி விசா இருக்குத்தானே, தை பிறக்க வட்டியோட முதலையும் கட்டத் தொடங்கு" எண்டு சொல்லியிருக்கிறாய். அதுக்குப் பதில்தான் இந்தக் கடிதம். நீண்டு போகும், பொறுமையா வாசி.

ஊரில எல்லாரும் நினைக்கிறது, முடிவு வந்தால் கையில காசு புழங்கும் எண்டு. இஞ்ச நடக்கிறது மறுவளம். கேஸ் நடக்கேக்க குடுத்த உதவிக்காசு, தனி ஆளுக்கு ஒரு நாளைக்கு 6.80 யூரோ, ஏற்றுக்கொண்ட மாதத்துக்கு அடுத்த மாதக் கடைசியோட நிண்டு போகும். இருக்கிற விடுதியில மூண்டு மாதம் இருக்கலாம், கேட்டு எழுதினா இன்னும் மூண்டு மாதம் நீட்டுவினம். அதுக்குப் பிறகு வெளிய போகவேணும். ஆர்எஸ்ஆ எண்ட அரசாங்க உதவிக்கு 25 வயது முடிஞ்சிருக்க வேணும், அவனுக்கு 23. அப்ப, விசா கிடைச்ச உடன இருந்த வருமானமும் போய், கூரையும் ஆட்டம் காணுற நேரத்திலதான் உன்ர மெசேஜ் வந்து விழுந்திருக்கு.

இப்பிடியான நேரத்தில பெடியள் எங்க போறாங்கள் தெரியுமோ? நேர லாச்சப்பல், பாரிஸில எங்கட தமிழ்க் கடையள் இருக்கிற இடம். அங்க ஆரோ ஒருத்தர் குசினி வேலை பிடிச்சுக் குடுப்பார். பகல் 10 தொடக்கம் 3 மட்டும், பிறகு பின்னேரம் 6 தொடக்கம் இரவு 11 மட்டும். பதிவில கிழமைக்கு 20 மணித்தியாலம், மிச்சத்துக்குப் பதிவில்லாமல் காசு கையில. முதல் ஆறு மாதம் வீட்டுக்குக் காசு போகும், எல்லாருக்கும் மனம் நிறையும். ஆனா அரசாங்கம் குடுக்கிற பிரெஞ்சு வகுப்பு பகலில. ஒஃபி எண்ட குடிவரவுக் கந்தோரில ஒப்பந்தம் கையெழுத்து வைக்கேக்க ஒரு சோதனை வைப்பினம், அதைப் பொறுத்து, இந்த 2023 முறைப்படி, 100 தொடக்கம் 600 மணித்தியாலம் வரை இலவசமாப் படிப்பிப்பினம். அதோட நாலு நாள் குடியியல் வகுப்பு. குசினியில நிக்கிறவன் இதுக்கு எப்பிடிப் போவான்? போகாமல் விடுவான். பத்து வருசம் கழிச்சும் "சோ, ஃப்ருவா, மெர்சி" எண்ட மூண்டு சொல்லோட பாத்திரம் கழுவிக்கொண்டு நிற்பான். அப்பிடி நிக்கிற ஆக்களை நான் வருசக்கணக்காப் பாத்துக்கொண்டிருக்கிறன். நல்ல கெட்டிக்காரர், உழைப்பாளிகள். முதல் வருசத்தில கடன்காரன் கழுத்தைப் பிடிச்சதுதான் அவையின்ர பிழை.

கையில வாங்கிற காசுக்கு இன்னொரு விலையும் இருக்கு. வீடு வாடகைக்கு எடுக்கப் போனா கடைசி மூண்டு மாதச் சம்பளத் துண்டு கேப்பினம், வாடகையைப் போல மூண்டு மடங்கு சம்பளம் இருக்கோ எண்டு பார்ப்பினம். 20 மணித்தியாலத் துண்டைக் காட்டி ஒரு அறையும் எடுக்கேலாது. வேலை போனா வேலையில்லாக் காசும் அந்தத் துண்டின்ர கணக்கில, வயது போன பிறகு பென்சனும் அந்தக் கணக்கில.

இப்ப உன்ர கணக்கைப் பாப்பம். கடன் 35 லட்சம், மாதம் நூற்றுக்கு மூண்டு வட்டி. வட்டி மட்டும் மாதம் 1,05,000 ரூபா. இண்டைய காசுக்கு ஏறக்குறைய 300 யூரோ, முதலில ஒரு சதமும் குறையாமல். இஞ்ச அடிப்படைச் சம்பளம், இந்த 2023 கணக்கில, முழுநேரம் வேலை செய்தால் கைக்கு வாறது 1,383 யூரோ. வாடகை, சாப்பாடு, ரெயில் கார்ட் போக மிஞ்சிறதை வட்டி அப்பிடியே விழுங்கும். இப்பிடியே போனா அவன் 30 வயதிலயும் உனக்கு வட்டிதான் கட்டிக்கொண்டிருப்பான்.

நான் அவனோட இருந்து கதைச்சு யோசிச்ச வழி இது. முதல்ல மிசியோன் லோக்கால் எண்ட, இளம் ஆக்களுக்கு வேலை, பயிற்சிக்கு உதவிற கந்தோரில பதிஞ்சு, 26 வயதுக்குக் கீழ உள்ளவைக்கான ஒப்பந்தம் கேக்கிறது. கிழமைக்கு 15 தொடக்கம் 20 மணித்தியாலம் அவை சொல்லிற வகுப்பு, பயிற்சிக்குப் போனா மாதம் 500 யூரோவுக்குக் கொஞ்சம் மேல கிடைக்கும், வழமையா ஒரு வருசம் வரை. அந்த வருசத்தைப் பிரெஞ்சுக்குக் குடுக்கிறது. அடுத்த வருசம் மின்சார வேலைக்கு அப்ரோன்திசாஜ், அதாவது வேலை செய்துகொண்டே தொழில் படிக்கிறது, ரெண்டு வருசம். படிப்புக்குக் காசில்லை, கொஞ்ச நாள் பள்ளிக்கூடம், கொஞ்ச நாள் கொம்பனி. 21 தொடக்கம் 25 வயதுக்காரருக்கு முதல் வருசம் அடிப்படைச் சம்பளத்தில 53 வீதம், இந்த 2023 கணக்கில 926 யூரோ. ரெண்டாம் வருசம் 61 வீதம். முடியக் கையில பத்திரம், முழுத் துண்டுச் சம்பளம். குசினிப் பெடியன் ரெண்டு வருசத்தில இதைவிடக் கூட உழைப்பான், மறுக்கேல்லை. அஞ்சாம் வருசத்தில ரெண்டு பேரையும் பக்கத்தில வைச்சுப் பார்.

சிக்கல் வரக்கூடிய இடம் கொம்பனி கிடைக்கிறது. பள்ளிக்கூடம் எடுத்தாலும் சேர்க்கிற முதலாளி வேணும், வாய் திறந்து ரெண்டு வசனம் கதைக்கத் தெரியாதவனை எந்த முதலாளியும் மின்சார வயரில கைவைக்க விடான். அதாலதான் மொழி முதல், மொழி முதல் எண்டு கத்திறன்.

மற்றது, அவன்ர மனநிலை. இதை அக்காவுக்கு வாசிச்சுக் காட்டாதை. பதினேழு வயதில அந்தக் கூட்டத்தோட திரிஞ்சது, பிறகு பொலிஸ் கொண்டு போய் வைச்சு அடிச்சது, எல்லாத்தையும் நேர்முகத்தில ஒண்டு விடாமல் திருப்பிச் சொல்ல வேண்டி வந்தது. அதுக்குப் பிறகு பெடியனுக்கு நித்திரை இல்லை. விடுதியில இரவில குடிக்கிற ஆக்களோட சேருறான். இரவு 11 மணிக்கு வேலை முடியிறவனுக்கு இது இன்னும் கூடும். சித்திரவதைப்பட்ட ஆக்களைப் பாக்கவெண்டே பாரிஸில சோந்தர் பிரிமோ லெவி எண்ட நிலையம் இருக்கு, 1995 இல தொடங்கினது. கிரெம்லான் பிசெத்ர ஆஸ்பத்திரிக்குள்ள அகதியளைப் பாக்கிற கொமெத் எண்ட வைத்திய அமைப்பு இருக்கு. ரெண்டிலயும் மொழிபெயர்ப்பாளர் வைச்சுக் கதைப்பினம், காசில்லை. பேர் குடுக்க ஒத்துக்கொண்டிருக்கிறான். "விசர் எண்டு ஊரில சொல்லுவினம்" எண்டு பயப்பிடுறான் மச்சான். நீ ஃபோன் எடுக்கேக்க, டொக்டரிட்டப் போறது நல்லது எண்டு உன்ர வாயால ஒருக்காச் சொல்லு. நான் நூறு தரம் சொல்லிறதை விட அது கேக்கும்.

ஒரு அடிபிடியிலயும் மாட்டக்கூடாது எண்டும் சொல்லு. ஆறு மாதமோ கூடவோ உள்ள மறியல் தண்டனை விழுந்தால் குடியுரிமைக் கதவு சாத்தினமாதிரி. அகதிக்கு அஞ்சு வருசம் பாத்திருக்கத் தேவையில்லை, சட்டப்படி முந்தியே விண்ணப்பிக்கலாம். ஆனா பிரெஞ்சு நல்லாத் தெரிஞ்சிருக்க வேணும், நிரந்தர வேலை இருக்கோ எண்டு பார்ப்பினம். பார், எங்க சுத்தினாலும் அந்த வகுப்பிலதான் வந்து நிக்குது.

அடுத்தது, நீயும் அக்காவும் சாதகம் பொருத்தத் தொடங்கிட்டியளாம்! பொறடா. கேஸ் போட முந்திக் கட்டின மனிசியெண்டா வருமானம் காட்டாமல் கூப்பிடலாம். இனிக் கட்டிறதெண்டா வேற சட்டம்: 18 மாதம் விசாவோட இருந்திருக்க வேணும், ஒரு வருசம் சராசரியா அடிப்படைச் சம்பளம் காட்ட வேணும், பாரிஸ் பக்கம் ரெண்டு பேருக்கு 22 சதுர மீற்றர் வீடு வேணும். கலியாணமும் ஊரில நடக்கேலாது. அவன்ர பயணப் பத்திரம் இலங்கைக்குச் செல்லாது, களவாப் போய் வந்தா விசாவே பறிபோகலாம். பொம்பிளை வீட்டாருக்கு இப்ப வாக்குக் குடுத்திடாதை.

பத்திர அலுவல் சுருக்கமா. அவன்ர பிறப்புப் பத்திரத்தை இனி ஒஃப்ப்ராதான் குடுக்கும், தூதரகப் பக்கம் அவனும் போகக்கூடாது, நீங்களும் அவன்ர பேரில ஒண்டும் எடுக்கக்கூடாது. அந்தப் பத்திரத்தில வழமையா அப்பான்ர பேர் குடும்பப் பேரா விழும். எழுத்து ஒண்டு பிசகினாலும் வாழ்க்கை முழுக்க இழுபடும், வந்த உடன சரிபார்க்கச் சொல்லியிருக்கிறன். அரசாங்க வீட்டுக்கு இப்பவே பதிஞ்சு, ஒவ்வொரு வருசமும் புதுப்பிக்க வேணும், ஒரு வருசம் விட்டா காத்திருந்த காலம் எல்லாம் அழியும். வருமானம் பூச்சியம் எண்டாலும் வருசா வருசம் வரிப் படிவம் நிரப்ப வேணும், அந்தத் துண்டு இல்லாமல் இஞ்ச ஒரு கந்தோரும் அசையாது.

இப்ப உன்னட்டக் கேக்கிறது. அக்கான்ர நகையில பாதியை வங்கியில அடகு வைச்சு அந்த நூற்றுக்கு மூண்டு வட்டிக் கடனை முதல்ல முடி. வங்கி வட்டி அதைவிடக் குறைவு. மிச்சத்துக்குக் கேணியடிக் காணியைக் குத்தகைக்குக் குடுக்கேலுமோ எண்டு பார். அடுத்த கார்த்திகை வரைக்கும் அவனிட்ட ஒரு சதமும் கேக்காதை. அதுக்குப் பிறகு அவன் மாதம் 150 யூரோ அனுப்புவான், நான் முன்னுக்கு நிக்கிறன்.

அவன்ர ஓஎல் சேர்டிபிக்கட்டை வடிவா ஸ்கான் பண்ணி வட்சப்பில அனுப்பு. முன்பக்கம், பின்பக்கம் ரெண்டும். மொழிபெயர்க்கக் குடுக்க வேணும். வட்டிக்காரரோட கதைச்சிட்டு இந்த மாதம் முடிய முந்திப் பதில் போடு.

அன்புடன்,
உன்ர மச்சான்