ஒரு கேட், 27 அடுப்பு

அன்புள்ள கண்ணு,

போனில் நீ கேட்டதற்கு அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். ஜெர்மனியில் ஆஹனிலிருந்து பஸ் ஏறிப் பக்கத்து ஊர் வால்ஸுக்குப் போனாய், நெதர்லாந்து வந்ததே தெரியவில்லை, கடையிலும் அதே யூரோ. திரும்பும்போது மட்டும் ஜெர்மன் போலீஸ் பஸ்ஸில் ஏறி பாஸ்போர்ட் கேட்டது. "இது ஒரே நாடா, வேற வேற நாடாப்பா?" என்றாய். நீ கேட்டது ஐரோப்பிய ஒன்றியத்தை, 27 நாடுகள் சேர்ந்த கூட்டை. அன்றைக்கு ராத்திரி முழுக்க அதே யோசனைதான்.

உன் அப்பன் பனியன் கம்பெனியில் முப்பது வருடம் டாக்குமென்டேஷன் பார்த்தவன். ஐரோப்பாவில் கால் வைத்ததில்லை, ஆனால் அதன் வாசல் எங்கே இருக்கிறது என்று தெரியும். நம் கன்டெய்னர் ராட்டர்டாமில் இறங்கும். அங்கே சுங்கம் கட்டியாகிவிட்டால், அப்புறம் லாரியில் மியூனிக் போனாலும் மிலன் போனாலும் வழியில் எவரும் வரி கேட்கமாட்டார்கள். 1968இலிருந்தே அப்படித்தான். கட்டிய சுங்கமும் நெதர்லாந்துக்குச் சொந்தமில்லை. வசூலித்த கூலிக்கு 25 சதவீதம் எடுத்துக்கொண்டு மீதியைப் பொது நிதிக்கு அனுப்ப வேண்டும்.

எங்கள் முதலாளி அடிக்கடி ஒன்று கேட்பார். வங்கதேசத்துச் சட்டை அங்கே வரியில்லாமல் போகிறது, நம் சட்டைக்கு அப்போது 9.6 சதவீதம் சுங்கம். "நம்ம சரக்குல பாதி ஜெர்மனிக்குத்தானே போகுது, ஜெர்மனிக்காரனோட மட்டும் ஒரு ஒப்பந்தம் போட்டா ஆகாதா?" ஆகாது. ஜெர்மனியே ஆசைப்பட்டாலும் முடியாது. வெளிநாட்டு வியாபாரப் பேச்சு என்றால் 27 நாட்டுக்கும் சேர்த்து பிரஸ்ஸல்ஸில் உள்ள ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம்தான் உட்கார வேண்டும். இந்தியாவோடு 2007இல் உட்கார்ந்தார்கள், 2013இல் எழுந்து போனார்கள், 2022இல் மறுபடி உட்கார்ந்தார்கள். அதற்குள் நான் ரிட்டயர்டே ஆகிவிட்டேன்.

நீ ஒன்றாவது படிக்கும்வரை நாம் இருந்த லைன் வீடு ஞாபகம் இருக்கிறதா? ஏழு குடும்பம், ஒரு கேட், ஒரு போர் மோட்டார். அடுப்பு அவரவருக்கு. எங்கள் வீட்டில் என்ன குழம்பு என்று யாரும் கேட்க முடியாது. ஆனால் தண்ணீர் எத்தனை மணிக்கு விடுவது என்பதை நான் மட்டும் முடிவு பண்ண முடியாது. அங்கேயும் கிட்டத்தட்ட அதுதான். சுங்கம், வெளி வியாபாரம், சந்தையில் விற்கும் பொருளின் தரம் எல்லாம் பொது. வருமான வரி, பள்ளிக்கூடம், பென்ஷன், பட்டாளம் அவரவர் அடுப்பு. அதனால் ஒரே நாடா என்று கேட்காதே, எந்த விஷயத்தில் என்று கேள். நம் லைன் வீட்டுக்கு மேலே ஒரு வீட்டுக்காரர் இருந்தார். அங்கே வீட்டுக்காரர் என்று தனியாக யாரும் கிடையாது, குடியிருக்கிறவர்களே எழுதிக்கொண்ட விதிதான். வித்தியாசம் அது.

மோட்டார் கரண்ட் பில்லுக்காக நாலாவது வீட்டோடு நடந்த சண்டையை உங்கம்மா இன்னும் மறக்கவில்லை. ஆனால் அந்த ஒன்றியத்தின் அஸ்திவாரத்திலேயே ஒரு கரண்ட் பில் இருக்கிறது. 1962இல் இத்தாலி மின்சாரக் கம்பெனிகளை அரசுடைமை ஆக்கியது. அப்படிப் போன கம்பெனி ஒன்றில் பங்கு வைத்திருந்த ஃபிளாமினியோ கோஸ்டா என்ற மிலன் வக்கீல், புதிய அரசு நிறுவனம் அனுப்பிய 1,925 லிரா பில்லைக் கட்ட மறுத்துவிட்டார். பெரிய தொகை ஒன்றுமில்லை. அரசுடைமைச் சட்டம், இந்தக் கூட்டுக்கு அடித்தளமான ரோம் ஒப்பந்தத்துக்கு விரோதம் என்றார். எங்கள் நாடாளுமன்றம் ஒப்பந்தத்துக்குப் பிறகு போட்ட சட்டம் இது, அதனால் இதுதான் செல்லும் என்றது இத்தாலியின் அரசியலமைப்பு நீதிமன்றம். லக்சம்பர்க்கில் இருக்கும் பொது நீதிமன்றம் 1964இல் சொன்னது: நீங்களாகவே சில அதிகாரங்களை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டீர்கள், பிறகு உள்ளூரில் ஒரு சட்டம் போட்டு அதைத் திரும்பப் பிடுங்க முடியாது. பொது விதியும் வீட்டு விதியும் மோதினால் பொது விதிதான் நிற்கும் என்று அங்கேதான் உறுதியானது. அந்த வாக்கியம் எந்த ஒப்பந்தத்திலும் அப்படியே எழுதியிருக்கவில்லை. எனக்கு இது பெரிய ஆச்சரியம்.

பொது விதி எப்படி வருகிறது என்பதை நான் சாயத்தில் பார்த்தேன். சில அசோ சாயங்கள் புற்றுநோய் உண்டாக்கும் என்று 1990களில் ஜெர்மனி தடை போட்டது. அப்போது ஜெர்மன் ஆர்டருக்கு மட்டும் சாயப்பட்டறையில் தனிக் கவனம், தனி லேப் ரிப்போர்ட். 2002இல் அதுவே ஒன்றியம் முழுவதற்கும் ஆனது. ஆணையம் வரைவு போடும். மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஐரோப்பிய நாடாளுமன்றமும், நாடுகளின் அமைச்சர்கள் கூடுகிற கவுன்சிலும் இரண்டுமே ஒத்துக்கொள்ள வேண்டும். சாயத்துக்கு வந்தது டைரக்டிவ், அதாவது போய்ச் சேர வேண்டிய இடத்தைச் சொல்லிவிடுவார்கள், அதற்கான சட்டத்தை ஒவ்வொரு நாடும் கெடுவுக்குள் தானே எழுத வேண்டும். ரெகுலேஷன் என்றால் அதுவும் இல்லை, அமலுக்கு வந்த நாளே எல்லா நாட்டிலும் சட்டம்.

கவுன்சிலில் பெரும்பாலான விஷயத்துக்கு 15 நாடு சரி என்று சொல்ல வேண்டும், அந்த நாடுகளில் மொத்த ஜனத்தொகையில் 65 சதவீதமாவது இருக்க வேண்டும். வரி, வெளியுறவு மாதிரி விஷயங்களுக்கு மட்டும் எல்லோரும் சம்மதிக்க வேண்டும். அப்போது நம் திருப்பூர் அளவுகூட ஜனம் இல்லாத மால்டா தலையை ஆட்டாவிட்டாலும் வேலை நடக்காது. இது நல்லதா கெட்டதா என்று எனக்கே இரண்டு மனம். சின்ன வீட்டுக்காரனுக்குப் பேச்சுரிமை இல்லையென்றால் அவன் எதற்கு அந்த வளவில் இருக்க வேண்டும்? பிரிட்டன் 2016இல் ஓட்டெடுத்து 2020இல் வெளியே போயிற்று. அதன் பிறகு கம்பெனிக்கு இரண்டு செட் பேப்பர்.

இப்போது உன் பஸ்ஸுக்கு வருகிறேன். எல்லையில் நிறுத்தாமல் விடுவது ஷெங்கன் ஏற்பாடு. 1985இல் ஐந்து நாடுகள் லக்சம்பர்க்கில் அந்தப் பெயருள்ள கிராமத்தின் அருகே, மோசல் ஆற்றில் நின்ற ஒரு படகில் கையெழுத்துப் போட்டன. ஒன்றியம் வேறு, ஷெங்கன் வேறு. சுவிட்சர்லாந்து ஒன்றியத்தில் இல்லை, ஷெங்கனில் இருக்கிறது. அயர்லாந்து ஒன்றியத்தில் இருக்கிறது, ஷெங்கனில் இல்லை. கேட்டைத் திறந்து வைத்தாலும் சாவியை அவரவர் இடுப்பிலேயே வைத்திருக்கிறார்கள். பாதுகாப்பு என்று காரணம் சொல்லித் தற்காலிகமாகச் சோதனை போட விதியிலேயே இடம் உண்டு. 2024 செப்டம்பரில் ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் அதைத்தான் செய்தது.

உன் படிப்பு விசா ஜெர்மனி அடுப்பில் வெந்தது. அதை வைத்துக்கொண்டு மற்ற ஷெங்கன் நாடுகளில் 180 நாளில் 90 நாள் சுற்றலாம். வால்ஸ் நடந்து போகிற தூரம்தான் என்று அங்கே பகுதிநேர வேலைக்குச் சேர்ந்துவிடாதே, அதற்கு நெதர்லாந்துதான் அனுமதி தர வேண்டும். காய்கறி வாங்கப் போனாலும் பாஸ்போர்ட்டும் குடியிருப்பு அனுமதிக் கார்டும் பையில் இருக்கட்டும்.

அப்புறம், நெய். வெண்ணெய் உருக்கி டப்பாவில் ஊற்றி வைத்துக்கொண்டு உங்கம்மா ஒரு யோசனை சொல்கிறாள்: ஜெர்மனியில் விடாவிட்டால் வால்ஸில் யாராவது சிநேகிதி முகவரிக்கு அனுப்பினால் என்ன, அங்கேதான் எல்லை திறந்திருக்கிறதே என்று. வெளியிலிருந்து வரும் பார்சலில் பாலில் செய்ததும் கறியும் கூடாது என்பது 27 நாட்டுக்கும் ஒரே விதி என்று சொல்லிப் பார்த்தேன், நம்பவில்லை. நீயே ஒரு தடவை சொல்லிவிடு. பருப்புப் பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் திங்கட்கிழமை அனுப்புகிறேன். அன்பளிப்பு என்று எழுதி, மதிப்பை 45 யூரோவுக்குள் வைத்திருக்கிறேன், வரி வராது.

அன்புடன்,
அப்பா