வாசகர் வட்ட ஆண்டறிக்கை 2024–25: புனைபெயருக்குள் இருந்த குடும்பங்கள்

தலைவர் அம்மா அவர்களுக்கும், பொருளாளர், செயற்குழுவினர், மாடி ஏறி வந்து அமர்ந்திருக்கும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான நம் வட்டத்தின் ஆண்டறிக்கையைச் செயலாளர் என்ற முறையில் முன்வைக்கிறேன்.

வழக்கமான விவரங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் 11 நடந்தன. மழையால் ஒன்று நின்றுபோனது. புதிதாக 4 பேர் சேர்ந்திருக்கிறார்கள், அதில் 2 பேர் கல்லூரி மாணவிகள். வட்டம் தொடங்கிய நாளிலிருந்து நம்மோடு இருந்த பேராசிரியை அம்மாவை ஜூன் மாதம் இழந்தோம். தன் வீட்டு அலமாரியில் இருந்த விக்டோரியா கால நாவல்களை எல்லாம் நமக்கென்று எழுதிவைத்துவிட்டுப் போனார். இந்த ஆண்டு நாம் செய்த வேலை முழுவதும் அந்த அலமாரியிலிருந்து வந்ததுதான்.

புத்தகங்களைப் பட்டியலிட உட்கார்ந்தபோதுதான் கவனித்தோம். அட்டையில் ஆண் பெயர், எழுதியவரோ பெண். இப்படி ஒன்றல்ல, வரிசையாக வந்துகொண்டே இருந்தன. வெறும் பட்டியலோடு விடாமல், ஒவ்வொரு எழுத்தாளருக்கும் ஒரு குறிப்பு அட்டை எழுதுவது என்று ஜூலைக் கூட்டத்தில் முடிவானது. அதில் நான்கு வரிகள்: புனைபெயர், பிறந்தபோது வைத்த பெயர், மணமான பிறகு வந்த பெயர், இந்தப் பெயர்கள் ஒன்றோடொன்று சந்திக்கும் ஆவணம். நான்காவது வரி காலியாக இருந்தால் அட்டை முடியவில்லை என்று பொருள்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறப்பு, திருமணம், இறப்பை அரசே பதிவு செய்யத் தொடங்கியது 1837 ஜூலை 1 முதல். 1841 தொடங்கிப் பத்தாண்டுக்கு ஒரு முறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் இருந்தவர்களின் பெயர்கள் கிடைக்கின்றன. 1858 முதல், இறந்த பின் நீதிமன்றத்தில் உயில் மெய்ப்பிக்கப்பட்டவர்களின் ஆண்டுப் பட்டியல் இருக்கிறது. இத்தனையும் இருந்தும் பெண்களைத் தேடுவது கடினம். நாவல் எழுதிச் சம்பாதித்தவளுக்கும் தொழில் என்ற கட்டம் பெரும்பாலும் வெறுமையாகவே கிடக்கும். 1841 கணக்கெடுப்பில் 15 வயதைத் தாண்டியவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள், ஆகவே 39 வயதுக்காரர் 35 ஆகிவிடுவார். எல்லாவற்றுக்கும் மேலாக, திருமணத்தோடு குடும்பப் பெயரே போய்விடுகிறது. கல்யாணத்துக்கு முன் அப்பாவின் இனிஷியலும் பின் கணவரின் இனிஷியலுமாக இரண்டு சான்றிதழ்களை வைத்துக்கொண்டு அலுவலகங்களில் நின்ற நம் உறுப்பினர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இந்த ஆண்டின் நல்ல கண்டுபிடிப்பும், பெரிய தவறும் ஒரே அட்டையில் இருக்கின்றன. அதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

1890-இல் லண்டன் பதிப்பாளர் ஃபிஷர் அன்வின் 'சூடோனிம் லைப்ரரி' என்று ஒரு வரிசையைத் தொடங்கினார். எல்லா ஆசிரியர்களும் புனைபெயரில்தான் வருவார்கள். புத்தகங்கள் கைப்பையில் செருகிக்கொள்ளும்படி ஒடுக்கமாக, நெட்டையாக இருக்கும். அதன் முதல் நூல் 'மதமோசெல் இக்ஸ்'. எழுதியவர் லேனோ ஃபால்கனர். பல பதிப்பாளர்கள் திருப்பி அனுப்பிய கையெழுத்துப்படி அது. உண்மைப் பெயர் மேரி எலிசபெத் ஹாக்கர் என்பது பழைய வாழ்க்கை வரலாற்று அகராதியிலேயே இருக்கிறது. பெயர் கிடைத்துவிட்டதே, பிறப்புப் பதிவை எடுத்துவிடலாம் என்று இறங்கினோம். ஹாக்கர் குடும்பத்தின் வீடு ஹாம்ப்ஷயரில் லாங்பாரிஷ் கிராமத்தில் இருந்ததால், அந்தப் பக்கத்துப் பதிவுகளை ஒவ்வொரு காலாண்டாகத் தேடினோம். இரண்டு மாதம் தேடியும் கிடைக்கவில்லை. பெயர் ஒத்துப்போகும் ஒருவரை இவர்தான் என்று நானே அட்டையில் எழுதியும் விட்டேன்.

தவறைப் பிடித்தவர் புதிதாகச் சேர்ந்த மாணவி. “அகராதியில் பிறந்த இடம் ஸ்காட்லாந்து, அபர்டீன்ஷயர்னு போட்டிருக்கே மேடம், நாம ஏன் இங்கிலாந்துப் பதிவுல தேடறோம்?” என்று கேட்டார். தந்தை ஹைலாண்டர் படையில் அதிகாரி. மகள் பிறந்தது 1848-இல். ஸ்காட்லாந்தில் அரசுப் பதிவு தொடங்கியதே 1855-இல்தான். இல்லாத பதிவைத்தான் இரண்டு மாதம் தேடியிருக்கிறோம். நான் எழுதிய அட்டையைக் கிழித்துப்போட்டுப் புதிதாக எழுதினேன். பெயர் ஒத்துப்போனால் மட்டும் போதாது, பெற்றோர், ஊர், ஆண்டு ஆகியவற்றில் குறைந்தது இரண்டு பொருந்த வேண்டும் என்ற விதி அன்றிலிருந்து நம்மிடம் நடைமுறையில் இருக்கிறது.

பிறப்புப் பதிவு கிடைக்காவிட்டாலும் அந்தத் தேடல் வீணாகவில்லை. தந்தையின் முழுப் பெயர் பீட்டர் வில்லியம் லேனோ ஹாக்கர். அந்தப் பெயரைச் சத்தமாகப் படித்த நிமிடத்தில் அறையே நிமிர்ந்து உட்கார்ந்தது. லேனோ என்பது அப்பாவின் நடுப்பெயர். ஹாக்கர் என்ற குடும்பப் பெயருக்கு வல்லூறு பழக்கி வேட்டையாடுபவர் என்று பொருள். ஃபால்கனர் என்றாலும் அதேதான். தகப்பன் பெயரையும் குலத்தின் பெயரையும் லேசாகத் திருப்பிப் புத்தக அட்டையில் வைத்திருக்கிறார் அந்தப் பெண். முதல் உலகப் போரில் புகழ்பெற்ற விமானி லேனோ ஹாக்கரும் இதே லாங்பாரிஷ் குடும்பம்தான். அவர் பிறந்ததும் 1890-இல். லேனோ என்பதன் ஆங்கில எழுத்துகளை மாற்றி அடுக்கினால் 'தனியாக' என்ற சொல் வருகிறது என்று இன்னொரு மாணவி காட்டினார். மிக அழகான கவனிப்பு. ஆனால் அட்டையில் ஆவணம் பேசுவது மட்டும்தான் இருக்க வேண்டும் என்பதால் நான் அதைச் சேர்க்கவில்லை. அந்த மாணவியிடம் காரணத்தையும் சொன்னேன்.

அதன்பின் மற்ற புனைபெயர்களிலும் சொந்தபந்தங்களைத் தேடத் தொடங்கினோம். 'மிஸஸ் அலெக்சாண்டர்' என்ற பெயரில் அலெக்சாண்டர் குடும்பப் பெயரே அல்ல. கணவர் அலெக்சாண்டர் ஹெக்டரின் முதல் பெயர். எழுதியவர் ஆனி ஃபிரெஞ்ச் ஹெக்டர். ஜார்ஜ் எகர்டன் என்ற பெயரில் எகர்டன் என்ற பகுதியும் கணவர் எகர்டன் கிளேர்மாண்டிடமிருந்து வந்தது. மண உறவு முறிந்து 1901-இல் அவர் வேறொருவரை மணந்த பிறகும் புத்தகங்களில் பழைய கணவரின் பெயரே நின்றுவிட்டது. லூக்காஸ் மாலெட், நாவலாசிரியர் சார்லஸ் கிங்ஸ்லியின் மகள் மேரி. தந்தையின் புகழ் தன்மேல் விழாதிருக்க உறவுவழிக் குடும்பப் பெயர்கள் இரண்டைச் சேர்த்துக்கொண்டார். என் மனதுக்கு மிக நெருக்கமானது உய்டா. 1839-இல் பரி செயின்ட் எட்மண்ட்ஸ் ஊரில் பிறந்த மரியா லூயிஸ் ராமே, குழந்தையில் லூயிஸ் என்ற தன் பெயரைச் சொல்ல வராமல் சொன்ன மழலை அது. வீட்டில் கூப்பிடும் பெயரோடு வளர்ந்த நமக்கு அந்த அட்டையை எழுதும்போது மகிழ்ச்சியாக இருந்தது.

2024 அக்டோபர் 4 காலையில் சென்னை செயின்ட் மேரிஸ் கல்லறைத் தோட்டத்துக்கு 9 பேர் போனோம். லாரன்ஸ் ஹோப் என்ற பெயரில் 1901-இல் 'தி கார்டன் ஆஃப் காமா' கவிதைகளை வெளியிட்ட அடேலா ஃபுளோரன்ஸ் நிக்கல்சன் அங்கே கணவருக்கு அருகில் இருக்கிறார். அந்த நூலை எழுதியது ஓர் ஆண் என்றே விமர்சகர்கள் நம்பினார்கள். 1904 ஆகஸ்டில் கணவர் ஜெனரல் நிக்கல்சன் மெட்ராஸில் இறந்தார். இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில், அக்டோபர் 4 அன்று, 39 வயதில், அடேலா தன் உயிரை மாய்த்துக்கொண்டார். ஆங்கில நாவலாசிரியர் தாமஸ் ஹார்டி அவருக்கு இரங்கல் குறிப்பு எழுதினார். பிறந்தபோது அவர் பெயர் அடேலா கோரி. அந்தக் குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் தங்கை ஆனி சோஃபி கோரி வருகிறார். 'விக்டோரியா கிராஸ்' என்று வீரப் பதக்கத்தின் பெயரையே புனைபெயராக்கி 1895-இல் 'தி எல்லோ புக்' இதழில் எழுதியவர். இரண்டு புனைபெயர்களையும் பார்த்து இவர்கள் உடன்பிறந்தவர்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. தகப்பன் பெயர் ஆர்தர் கோரி என்ற ஒரு வரிதான் சொல்கிறது. மெட்ராஸ் மாகாணத்து ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் நகல்கள் லண்டனில் தனி வரிசையாக உள்ளன. தங்கை பிறந்த ராவல்பிண்டிக்கோ வங்காள மாகாணத்து வரிசையைப் பார்க்க வேண்டும். இதையும் அட்டையின் பின்பக்கம் குறித்துவைத்திருக்கிறோம்.

பிப்ரவரிக் கூட்டத்தில் நடந்த விவாதத்தையும் பதிவு செய்ய வேண்டும். அட்டையில் முதலில் எந்தப் பெயர் வர வேண்டும்? 2020-இல் ஜார்ஜ் எலியட்டின் 'மிடில்மார்ச்' நாவல் உட்பட 25 நூல்களை எழுதியவர்களின் இயற்பெயரோடு மறுவெளியீடு செய்தார்கள். நாமும் அப்படியே செய்யலாம் என்று சிலர் கேட்டார்கள். அந்த விருப்பத்தின் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஜார்ஜ் எலியட்டின் அட்டையைப் பாருங்கள். 1819-இல் மேரி ஆன் எவன்ஸ். பிறகு தானே மாற்றிக்கொண்டது மரியன். 1854 முதல் ஜார்ஜ் ஹென்றி லூயிஸோடு வாழ்ந்தார். லூயிஸால் விவாகரத்துப் பெற முடியாததால் சட்டப்படி மணக்க இயலவில்லை. நண்பர்களிடம் தன்னை மிஸஸ் லூயிஸ் என்றே அழைக்கச் சொன்னார். 1880-இல் ஜான் கிராஸை மணந்து அதே ஆண்டு மறைந்தார். ஹைகேட் கல்லறையில் ஜார்ஜ் எலியட் என்ற பெயரும் மேரி ஆன் கிராஸ் என்ற பெயரும் சேர்ந்தே இருக்கின்றன. ஜார்ஜ் என்பது லூயிஸின் பெயர் என்பதால் எடுத்துக்கொண்டேன் என்று அவரே கிராஸிடம் சொல்லியிருக்கிறார். எந்தத் திருமணப் பதிவேடும் ஏற்காத உறவை அவர் தன் ஒவ்வொரு நாவலின் முகப்பிலும் எழுதிவைத்தார். அதை அழித்துவிட்டு, அவரே விட்டுவந்த பெயரை மேலே வைக்க எனக்கு மனம் வரவில்லை. வாக்கெடுப்பில் புனைபெயரே மேலே என்று 14க்கு 6 என்ற கணக்கில் முடிவானது.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். சான்றிதழ் நகல்களுக்கான செலவு இந்த முறை கூடியிருக்கிறது, அதற்கு என் தவறான அட்டையும் ஒரு காரணம். அந்தத் தொகையை நான் வட்டத்துக்குத் திருப்பிக் கட்டிவிட்டேன்.

அலமாரியில் 31 அட்டைகள் முடிந்தன, இன்னும் 12 அட்டைகளில் நான்காவது வரி காலி. வறுமையில் இருந்த எழுத்தாளர்கள் உதவி கேட்டு ராயல் இலக்கிய நிதிக்கு எழுதிய விண்ணப்பங்களின் பட்டியலை அடுத்து பார்க்கப் போகிறோம். உதவி கேட்கும் காகிதத்தில் உண்மைப் பெயர், வயது, பிள்ளைகள், எழுதிய நூல்கள் எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். மாணவிகள் இருவரும் அந்தப் பொறுப்பை ஏற்றிருக்கிறார்கள்.

2025 அக்டோபர் 4 சனிக்கிழமை. காலை 8 மணிக்குக் கல்லறைத் தோட்டத்து வாசலில் கூடுவோம். பூ நான் வாங்கி வருகிறேன். வெயிலுக்குக் குடையும் தண்ணீரும் அவரவர் கொண்டுவரவும்.

செயலாளர்